வேலிக்கு அப்பால்

பாண்டிருப்பில் விடியற்காலையில் மணல் முற்றம் கூட்டப்படாத வீடு அரிது. ஆனால், அம்முற்றத்திலிருந்து அகன்ற குப்பை எங்கே சென்றது என்னும் வினாவுக்கு விடை கூறக்கூடியவர் அதனினும் அரியர். துப்புரவு பற்றிய உணர்வு இங்கு இல்லாமலில்லை; அது வேலியோடு முடிந்துவிடுகின்றது என்பதே சிக்கலாகும்.

இதனைச் சோம்பல் என்றோ அறியாமை என்றோ ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. முன்னைய தலைமுறைகளில் வளவிலிருந்து கழிக்கப்பட்டவை தென்னோலை, வாழையிலை, மீன்செதில், அடுப்புச் சாம்பல் முதலியனவே. தென்னையடியிற் கொட்டப்பட்ட அவை மாரி மழையில் மக்கி உரமாயின. எறிதல் என்பது அன்று மண்ணுக்குத் திருப்பிக் கொடுத்தலாகவே இருந்தது. இன்று எறியப்படும் பொருள் மாறிவிட்டது; எறியும் பழக்கமோ மாறவில்லை. சந்தையிலிருந்து மீன் வந்த சொப்பிங் பையும் அதே தென்னையடியிற் கிடக்கின்றது. அது மக்குவதில்லை.

பாண்டிருப்பு, மருதமுனை, நற்பிட்டிமுனை, சாய்ந்தமருது முதலிய ஊர்களோடு கல்முனை மாநகர சபை எல்லைக்குள் அமைந்தது. கிழக்கே கடல், மேற்கே வயல், இடையே வீடுகள் நெருங்கிய ஒடுங்கிய மணற்பரப்பு. இத்தகைய நிலத்தில் குப்பைக்கென்று ‘அப்பால்’ ஒன்று இல்லை. தோணாவில் இட்டது மாரி வெள்ளத்தை மறிக்கும்; மணலிற் புதைத்தது கிணற்று நீரை மாசாக்கும்; கடலில் எறிந்தது கரைவலையில் மீளும். நிலத்தடி நீர் தமிழர் வளவென்றும் முஸ்லிம் வளவென்றும் பிரித்தறிந்து ஊறுவதில்லை.

தொலைவுக்கு அனுப்புவதாலும் கணக்குத் தீர்வதில்லை. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டில், அயலூர்களின் குப்பை கொட்டப்பட்டு வந்த திடலைச் சூழ்ந்த மின்வேலி 2014இல் மின்னல் தாக்கிப் பழுதடைந்தது. அங்கு பிளாஸ்டிக்கை விழுங்கிய யானைகளுள் ஏறத்தாழ 20, எட்டு ஆண்டுகளில் இறந்தமை 2022 ஜனவரியிற் செய்தியாயிற்று. 2017 ஏப்ரல் 14ஆம் நாள், புத்தாண்டன்று, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லவில் குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். காட்டோரத்திலும் தலைநகரின் அயலிலும் நிகழ்ந்தது ஒன்றே: சிலர் வேலிக்கு அப்பால் தள்ளியது வேறு உயிர்களின் வாசலிற் சென்று வீழ்ந்தது.

சட்டம் மட்டும் இதற்கு மருந்தாகாது. 20 மைக்ரோனிலும் மெல்லிய பொலித்தீனுக்கு இலங்கையில் 2017 செப்டெம்பரிலேயே தடை வந்தது. ஆயினும், மீன்செதிலும் பொலித்தீனும் ஒரே பையிற் கட்டப்பட்டுச் சபையின் வண்டியில் ஏறுமாயின், உரமாகக்கூடியதும் கேடாகிவிடுகின்றது. இந்நாட்டின் நகரக் கழிவில் பாதிக்கு மேற்பட்டது மக்கக்கூடியதே. அதனை அடுக்களையிலேயே பிரித்து, வளவிலேயே மக்கவிட்டால், வண்டியின் சுமையும் திடலின் உயரமும் பெரிதும் குறையும். வளவே இல்லாத வீடுகளுக்கும் கடைகளுக்கும் அவ்வசதியைச் செய்துகொடுத்தல் சபையின் கடமையாகும்.

இதற்கான மனப்பாங்கை வெளியிலிருந்து கொணர வேண்டியதில்லை. திரௌபதை அம்மன் ஆலயத் தீமிதிப்புக்கு விரதம் இருப்பவரும், தொழுகைக்கு முன் உளூச் செய்பவரும் தூய்மையை வழிபாட்டின் முதற்படியாகவே கொள்கின்றனர். பொதுநிலம் எவருடையதும் அன்று என்னும் எண்ணம் நீங்கி, அது எல்லோருடைய முற்றமும் ஆகும் என்னும் எண்ணம் வேரூன்றுமாயின், அத்தூய்மை ஒழுங்கைக்கும் தோணாவுக்கும் கடற்கரைக்கும் விரியும். அதுவரை, எத்தனை வண்டிகள் வந்தாலும் குப்பை இடம் மாறுமேயன்றி இல்லாமற் போகாது.