முகமாலையிலிருந்து மயிலிட்டி வரை

கண்டி வீதியால் யாழ்ப்பாணம் போகிறவர்கள் ஆனையிறவையும் பளையையும் தாண்டி முகமாலைக்கு வந்ததும் பஸ் ஜன்னலால் எட்டிப் பார்ப்பார்கள். தலையிழந்து நிற்கும் பனைகள், அவற்றின் அடியில் எழும்பியிருக்கும் வடலிகள். இந்த மண்ணில் பல ஆண்டுகளாகக் கண்ணிவெடி அகற்றியவர்களில் பெண்கள் கணிசமானோர். யுத்தத்தில் கணவரையோ சகோதரரையோ இழந்து, குடும்பச் சுமையைத் தனியே ஏற்றவர்கள் அவர்களுக்குள் பலர்.

இந்த இடத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. 2002 முதல் 2006 வரை இராணுவத்தின் பகுதிக்கும் விடுதலைப் புலிகளின் பகுதிக்கும் இடையே எல்லையாக இருந்தது முகமாலை. பையைத் திறந்து காட்டி, பெயர் பதிந்து, வெயிலில் வரிசையில் நின்றது உங்களில் பலருக்கு மறந்திராது. 2005 நவம்பர் 17 ஆம் திகதி சனாதிபதித் தேர்தல் நடந்தபோது வன்னி மக்கள் வாக்களிக்கவென எல்லையோரத்திலேயே வாக்களிப்பு நிலையங்கள் அமைக்கப்பட்டன. ஆட்கள்தான் வரவில்லை. இத்தேர்தலில் தமிழருக்கு அக்கறை இல்லை என்று விடுதலைப் புலிகளும் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் அறிவித்திருந்தனர். மக்கள் அச்சுறுத்தப்பட்டுத் தடுக்கப்பட்டார்கள் என்று ஐரோப்பிய ஒன்றியக் கண்காணிப்பாளர்கள் பின்னர் கூறினார்கள். விரும்பி நின்றவர் எத்தனை பேர், பயந்து நின்றவர் எத்தனை பேர் என்று பிரித்துச் சொல்ல இன்று எவராலும் முடியாது.

கணக்கு மட்டும் இருக்கிறது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் (கிளிநொச்சியும் இதற்குள் அடக்கம்) பதிவாகியிருந்தோர் 701,938 பேர். வாக்களித்தோர் 8,524 பேர். நூற்றுக்கு 1.21. நாடு முழுவதிலும் மகிந்த ராஜபக்ச ரணில் விக்கிரமசிங்கவை வென்றது 180,786 வாக்குகளால். அன்றைய இடாப்பில் வெளிநாடு போனவர்களின் பெயர்களும் நிறைய இருந்தன என்பது உண்மைதான். அவற்றைக் கழித்துப் பார்த்தாலும், இந்த ஒரு மாவட்டம் எழுந்து நின்றிருந்தால் முடிவு மாறியிருக்கக்கூடும் என்பதை மறுப்பவர்கள் குறைவு.

அமெரிக்கத் தேர்தல் காலத்தில் பென்சில்வேனியா, மிச்சிக்கன் என்ற பெயர்களை வானொலியில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் ஒரு வாக்கால் முந்தினாலும் அந்த மாநிலத்துக்குரிய தேர்வாளர்கள் அனைவரும் முந்தியவருக்கே. ஆகவே எப்பக்கமும் சாயக்கூடிய ஆறேழு மாநிலங்களையே வேட்பாளர்கள் சுற்றிச் சுற்றி வருவார்கள். 2000 ஆம் ஆண்டில் புளோரிடாவில் 537 வாக்கு வித்தியாசம் அந்த நாட்டின் சனாதிபதியையே தீர்மானித்தது. எங்கள் நாட்டில் அந்த முறை இல்லை. சனாதிபதித் தேர்தலுக்கு முழுத்தீவும் ஒரே தொகுதி. அம்பாந்தோட்டையில் போடும் வாக்குக்கும் வேலணையில் போடும் வாக்குக்கும் நிறை ஒன்றே. சட்டப்படி யாழ்ப்பாணத்துக்குத் தனி இடம் எதுவும் கிடையாது. தெற்கில் இருவர் சமமாக மோதும்போது மட்டும் தராசின் முள் வடக்குப் பக்கம் திரும்பிப் பார்க்கிறது.

அந்தத் தேர்தலால்தான் மறுபடி யுத்தம் வந்தது என்று ஒரே வரியில் எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. யுத்தத்துக்குக் காரணங்கள் பல. மற்றவர் வென்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் 2006 ஆகஸ்டில் முகமாலைப் பாதை மூடப்பட்டதும், குடாநாட்டில் அரிசிக்கும் மாவுக்கும் சங்கக்கடை வாசலில் வரிசையில் நின்றவர்கள் யார் என்பது உங்களுக்குத் தெரியும்.

கொடிகாமம், சாவகச்சேரி, நாவற்குழிப் பாலம் தாண்டி நகருக்குள் வந்தால் மத்திய கல்லூரி. அண்மைய தேர்தல்களில் மாவட்டத்தின் வாக்குப் பெட்டிகள் எல்லாம் இங்கேதான் வந்து சேர்ந்தன. கிட்டவே பொதுநூலகம். அதை எரித்ததும் ஒரு தேர்தல் வாரத்தில்தான்: 1981 இல், மாவட்ட அபிவிருத்தி சபைத் தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு.

பகிஷ்கரிப்பும் இந்த நகருக்குப் புதிதல்ல. 1931 இல் இலங்கையில் ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. எங்கள் பாட்டிமாருக்கு முதன்முதல் வாக்கு. டொனமூர் அரசியல் யாப்பு முழுச் சுயாட்சி தரவில்லை என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிக்கவே, வடக்கின் நான்கு தொகுதிகளில் ஒருவரும் நியமனப்பத்திரம் தாக்கல் செய்யவில்லை. அந்த ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகவே கிடந்தன. நோக்கம் உயர்ந்தது. என்றாலும் கையில் வந்த முதல் வாக்கை மூன்று வருடம் மடித்து வைத்திருந்த அந்தப் பெண்களிடம் யாராவது ஒரு சொல் கேட்டிருப்பார்களா என்று நினைக்கத் தோன்றுகிறது.

நகரிலிருந்து வடக்கே கோப்பாய், உரும்பிராய்ப் பக்கம் போனால் செம்மண் தொடங்கிவிடும். வெங்காயம், மிளகாய், புகையிலை. நடுகையும் களை பிடுங்கலும் அநேகமாகப் பெண்களின் கைகளால் நடப்பவை. இந்தத் தோட்டங்களும் ஒரு தேர்தலில் பேசியிருக்கின்றன. 1982 ஒக்டோபர் 20 இல் நடந்த முதலாவது சனாதிபதித் தேர்தலில் யாழ் மாவட்டத்தில் குமார் பொன்னம்பலம் 87,263 வாக்குகளுடன் முதலிடம் பெற்றார். இரண்டாவதாக வந்தவர் தெற்கின் ஹெக்டர் கொப்பேகடுவ, 77,300 வாக்குகள். நாட்டை வென்ற ஜே. ஆர். ஜயவர்தனவுக்கு இங்கே 44,780 தான். கொப்பேகடுவ 1970 முதல் 1977 வரை விவசாய அமைச்சராக இருந்தவர். அந்தக் காலத்தில் வெளிநாட்டு வெங்காயமும் செத்தல் மிளகாயும் தடுக்கப்பட்டதால் எங்கள் தோட்டக்காரருக்கு நல்ல விலை கிடைத்தது, கல்வீடுகள் எழும்பின. 1977 க்குப் பின் இறக்குமதி திறந்ததும் விலை விழுந்தது. நூலகம் எரிந்த கோபமும் கூடவே இருந்திருக்கும். யாழ்ப்பாணத்தார் இனத்தை மட்டும் பார்த்து வாக்குப் போடுபவர்கள் என்று சொல்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டலாம்.

2010 ஜனவரியில் நின்ற இருவரும் யுத்தத்தை நடத்தியவர்கள். ஒருவர் சனாதிபதி, மற்றவர் இராணுவத் தளபதியாக இருந்தவர். வாக்களித்தது நூற்றுக்கு 26 க்கும் குறைவு. இதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

வலிகாமம் வடக்கில், தெல்லிப்பழை கடந்து கடலை நோக்கிப் போகும் ஒழுங்கைகளில் கூரையில்லாச் சுவர்களுக்குள் மரங்கள் வளர்ந்திருக்கும். 1990 இல் வெளியேறிய ஊர்கள். 2015 ஜனவரி 8 ஆம் திகதி, நலன்புரி முகாம்களில் இருந்தவர்கள் உட்பட, மாவட்டத்தில் மூவரில் இருவர் வாக்களித்தார்கள். மைத்திரிபால சிறிசேனவுக்கு 253,574. மகிந்த ராஜபக்சவுக்கு 74,454. இங்கே மட்டும் 179,120 மேலதிகம். பத்து வருடத்துக்கு முன் இங்கு போடப்படாமல் போன வாக்கை யாரோ தேடி எடுத்து வந்து போட்டதுபோல அந்த எண் இருக்கிறது. நாடளாவிய வித்தியாசம் 449,072. அதை நாங்கள் மட்டும் கொடுத்ததாகப் பெருமை பேசுவது சரியல்ல. கிழக்கும் மலையகமும் கொழும்பும் சேர்ந்தே கொடுத்தன.

கிடைத்தது என்ன? காணிகள் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகம் 2017 யூலையில், இருபத்தேழு வருடத்தின் பின் திறந்தது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகள் பற்றிப் பதில் கிடைக்கவில்லை. அதே 2017 இன் பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் வீதியோரத்தில் அமர்ந்தார்கள். 2019 இல் யாழ்ப்பாணம் 312,722 வாக்குகளை சஜித் பிரேமதாசவுக்குக் கொடுத்தது. கோட்டாபய ராஜபக்ச பதின்மூன்று இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகளால் வென்றார். தெற்கு ஒரே பக்கம் சாய்ந்தால் எங்கள் முள் அசையாது.

2024 செப்டெம்பரில் ஊரே மூன்றாகப் பிரிந்தது. சஜித்துக்கு 121,177, சங்குச் சின்னத்தில் நின்ற தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு 116,688, ரணிலுக்கு 84,558. வென்ற அநுர குமார திசாநாயக்கவுக்கு இங்கே 27,086 மாத்திரமே. இரண்டு மாதத்தில் வந்த பாராளுமன்றத் தேர்தலில் அவருடைய கட்சி யாழ் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைப் பிடித்தது. சிதறல் என்கிறார்கள் சிலர். ஒரே வீட்டில் தாய் ஒருவருக்கும் மகள் வேறொருவருக்கும் பயமின்றிப் போட முடிந்ததை நான் குறையாகக் காணவில்லை.

மயிலிட்டியில் இப்போது வள்ளங்கள் கட்டியிருக்கின்றன. பலாலிப் பக்கம் விடுவிக்கப்படாத காணிகள் இன்னும் உண்டு. மீள்குடியேறியவர்கள் தங்கள் பெயர் எந்த விலாசத்தில் பதிவாகியிருக்கிறது என்பதை, இடாப்புத் திருத்தம் நடக்கும் காலத்தில் கிராம சேவையாளரிடம் கேட்டுக்கொள்ளலாம். கணவர் இல்லாத வீட்டில் பிரதான குடியிருப்பாளர் என்ற இடத்தில் பெண்ணே தன் பெயரை எழுதிக் கையொப்பமிடலாம். அடையாள அட்டை தொலைந்திருந்தால் தேர்தலுக்கென்று தற்காலிக அட்டை தருவார்கள். அதற்கும் கிராம சேவையாளரிடமே, நாள் நெருங்குமுன் போகவேண்டும்.