எரிமலை அடிவாரத்தில் எங்கே உறங்குவது?

பயணம் புறப்படுவோர் முதலில் கேட்கும் கேள்வி, “எங்கே தங்குவது?” என்பதாகும். கடற்கரை ஊருக்குச் செல்வோர் அதற்கு எளிதில் விடை கண்டுவிடுவர். புகைந்து கொண்டிருக்கும் எரிமலையைக் காணச் செல்வோருக்கோ அக்கேள்வி உயிரோடு தொடர்புடையது. எரிமலையே இல்லாத தீபகற்ப மலேசியாவில் பிறந்து வளர்ந்த எனக்கு இவ்வுண்மை, மூவர் படுத்துறங்க ஓர் அறை தேடியபோதுதான் விளங்கிற்று.

2019-ஆம் ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறை. எழுபது வயதைக் கடந்த என் அன்னையார், ஐந்தாம் ஆண்டில் பயின்ற என் அக்காள் மகன், நான் ஆகிய மூவரும் ஜாவாத் தீவின் மெராப்பி மலையைக் காணப் புறப்பட ஆயத்தமானோம். ஏறத்தாழ 2,900 மீட்டர் உயரமுள்ள அம்மலை, இந்தோனேசியாவின் எரிமலைகளுள் அடிக்கடி சீறும் இயல்புடையது. சிறுவனுக்கு ஒரே ஓர் ஆசை. இரவில் கண் விழித்தால், படுக்கையில் இருந்தபடியே சன்னல் வழியாக மலையுச்சியின் செந்நிற ஒளியைக் காண வேண்டும் என்பதே அது.

அவன் ஆசைக்கு ஏற்றதோர் ஊரையும் கண்டுபிடித்தேன். காலியுராங் என்பது அதன் பெயர். மலையின் தென்சரிவில், குளிர்ந்த காற்றும் பசுமையும் நிறைந்த ஊர். உச்சியிலிருந்து ஏறத்தாழ 7 கிலோமீட்டர். அப்பொழுது அரசு அறிவித்திருந்த அபாய எல்லையோ 3 கிலோமீட்டர்தான். ‘மூன்றைவிட ஏழு பெரிது, ஆகவே அஞ்ச வேண்டியதில்லை’ என்று கணக்கிட்டேன்.

கைப்பேசியில் படத்தைக் காட்டியபோது அன்னையார் சிரித்தார்.

“தம்பி, தோட்டத்து லயத்து வீட்டிலே உனக்குத் தொட்டில் கட்டினேனே, அடுப்புக்கு எத்தனை முழம் தள்ளி என்று அளந்தா கட்டினேன்? புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துத்தான் கட்டினேன். உன் மலையிலே நெருப்பு எந்தப் பக்கம் இறங்கும்? அதைச் சொல்லு முதலில்.”

எனக்கு விடை தெரியவில்லை. அன்றிரவே வரைபடத்தை விரித்து மலையைச் சுற்றியுள்ள ஆறுகளைப் பார்க்கத் தொடங்கினேன்.

மெராப்பியின் உச்சியில் எரிமலைக் குழம்பு மெல்ல வெளிவந்து, இறுகி, ஒரு குவிமாடம்போல் வளர்கிறது. அது சரியும்பொழுது, பல நூறு பாகை வெப்பமுள்ள சாம்பலும் கல்லும் வாயுவும் கலந்த மேகம், மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் கீழே பாய்கிறது. சுருண்ட உரோமத்தையுடைய ஆட்டைப்போல் தோன்றுவதால், ஜாவா மக்கள் அதனை ‘வெடுஸ் கெம்பெல்’ என்று அழைக்கின்றனர். அந்தச் சுடுமேகம் பெரும்பாலும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளின் வழியே இறங்கும். எந்தப் பள்ளத்தாக்கு என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறுகிறது.

1994 நவம்பர் 22-ஆம் நாள் அது போயோங் ஆற்றின் வழியே இறங்கியது. காலியுராங்கிற்கு எதிர்க்கரையில் உள்ள துர்கோ என்ற சிற்றூரில் அன்று ஒரு திருமணம் நடந்துகொண்டிருந்தது. அன்றைய சீற்றத்தில் அறுபது பேருக்குமேல் மாண்டனர். 2006-இல் அது தென்கிழக்கே கெண்டோல் ஆற்றுப் பக்கம் திரும்பியது. 2010-இலும் அவ்வழியே பாய்ந்து, உச்சியிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் இருந்த ஊர்களையும் எரித்தது. அக்டோபர் இறுதியில் தொடங்கிய அச்சீற்றத்தில் 350-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அபாய எல்லை சில நாள்களில் 15 கிலோமீட்டராகவும், நவம்பர் 5-ஆம் நாள் 20 கிலோமீட்டராகவும் விரிந்தது. வரைபடத்தில் வட்டமிட்டு மகிழ்ந்த என் கணக்கு அன்றிரவு தலைகுனிந்தது.

காலியுராங்கைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அங்கே எரிமலையைக் கண்காணிக்கும் நிலையம் உண்டு. மக்கள் தப்பிச் செல்லும் வழியைக் காட்டும் பலகைகளும் உண்டு. கால்வலிமை உடையோர் அங்கே தங்கி, நற்காட்சி கண்டு திரும்புகின்றனர். ஆனால் நள்ளிரவில் எச்சரிக்கை ஒலித்தால், மூட்டுவலியுள்ள என் அன்னையார் படியிறங்க எத்தனை நிமிடம் ஆகும்? வாடகைக் கார் அந்நேரத்தில் எங்கே கிடைக்கும்? இக்கேள்விகளுக்கு என்னிடம் விடை இல்லை.

ஆகவே, ஏறத்தாழ 28 கிலோமீட்டர் தெற்கே உள்ள யோக்யாகார்த்தா நகரில் தங்குவதென்று முடிவு செய்தேன். அங்கும் எந்தத் தெருவில் என்பதைப் பார்க்க வேண்டியிருந்தது. மலைச்சரிவில் கிடக்கும் சாம்பலையும் கல்லையும் மழைநீர் அள்ளிக்கொண்டு சேற்று வெள்ளமாக ஓடிவரும். இதனை ‘லாஹார்’ என்பர். மலைப் பக்கமிருந்து வரும் சோடே ஆறு நகரின் நடுவே ஓடுகிறது. 2010 சீற்றத்திற்குப் பின்னர் அதன் கரையோர வீடுகளில் இவ்வெள்ளம் புகுந்தது. நாங்கள் செல்வதோ மழை மிகுந்த டிசம்பர். ஆதலால், ஆற்றங்கரையை விட்டு விலகிய தெருவில், தரைத்தளத்தில் ஓர் அறையை எடுத்தேன். சன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும். என் மருமகன் இரண்டு நாள் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை.

யோக்யாகார்த்தாவை அடைந்த அன்று, நகருக்குக் கிழக்கே உள்ள சம்பிசாரி என்ற சிவன் கோயிலுக்குச் சென்றோம். ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கோயில், எரிமலைச் சாம்பலிலும் மணலிலும் புதைந்து, பல நூற்றாண்டுகள் மறைந்து கிடந்தது. 1966-இல் நிலத்தைக் கொத்திய ஓர் உழவரின் கருவி கல்லில் பட்டதால் வெளிப்பட்டது. சுற்றியுள்ள நிலமட்டத்திலிருந்து ஏறத்தாழ 6.5 மீட்டர் கீழே படியிறங்கித்தான் அதனைக் காண வேண்டும். அவ்விடம் மலையிலிருந்து 20 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது! மெராப்பியின் நிழலில் முற்றிலும் அபாயமற்ற இடம் என்று ஒன்றில்லை. எழுந்து வெளியேறக் கால அவகாசம் தரும் இடம் என்பதுதான் உண்டு. அன்னையார் கருவறையின் முன் நெடுநேரம் கைகூப்பி நின்றார்.

மறுநாள் விடியுமுன் புறப்பட்டு, ஜீப்பில் காலியாடெம் சென்றோம். அங்கே மக்கள் ஒளிந்து உயிர் தப்புவதற்கென்று கட்டப்பட்ட ஒரு நிலவறை உள்ளது. 2006 ஜூன் 14-ஆம் நாள் அதற்குள் புகுந்த இருவர், சுடுகற்கள் மேலே குவிந்ததால் வெப்பம் தாங்காது உயிர்நீத்தனர். தடித்த அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்த சிறுவன், “மாமா, இது பாதுகாப்பான இடம் என்றுதானே கட்டினார்கள்?” என்று தாழ்ந்த குரலில் கேட்டான். நான் தலையசைத்தேன்.

அருகில் ஓர் அம்மையார் தேநீர் விற்றுக்கொண்டிருந்தார். மலாய்மொழியும் இந்தோனேசிய மொழியும் உடன்பிறந்தவை ஆதலால் உரையாடுவது எளிதாயிற்று. 2010-இல் வீட்டையும் இரண்டு மாடுகளையும் இழந்தவர் அவர். அரசு அமைத்த கீழூர்க் குடியிருப்பில் இப்போது வாழ்வதாகக் கூறினார். “அப்படியானால் ஏன் மீண்டும் இங்கே வருகிறீர்கள்?” என்று கேட்டேன்.

“பகலில் இந்த மலைதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. இரவில் கீழே போய்ப் படுத்துக்கொள்கிறோம்,” என்றார்.

விருந்தினனாக வந்த நான் பல நாள் வரைபடம் பார்த்துக் கற்றதை, அம்மண்ணுக்குரிய அவர் தம் வீட்டை இழந்து கற்றிருக்கிறார். எனக்கு அது இரண்டு இரவுத் தங்கல். அவருக்கோ வாழ்நாள் முழுவதற்குமான தேர்வு. எட்டு மணிக்குள் மேகம் உச்சியை மூடிவிட்டது. மழைக்கு முன் இறங்கிவிட்டோம்.

கடைசி நாள் விடியற்காலையில் மருமகன் என்னை எழுப்பினான். விடுதியின் மொட்டைமாடிக்கு இழுத்துச் சென்றான். வடக்கே, தெளிந்த வானில் மெராப்பி முழுமையாக நின்றது. உச்சியில் மெல்லிய வெண்புகை. செந்நிற ஒளி இல்லை. “இங்கிருந்து பார்த்தால் முழு மலையும் தெரிகிறது, மாமா,” என்றான். கீழே அன்னையார் அமைதியாக உறங்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆண்டு, 2020 நவம்பர் 5-ஆம் நாள், மெராப்பியின் எச்சரிக்கை மூன்றாம் நிலைக்கு உயர்த்தப்பட்டது. அதற்கு மேல் இருப்பது நான்காம் நிலை ஒன்றே. அதன் பெயர் ‘அவாஸ்’. நம் சாலையோரப் பலகைகளில் நாம் நாள்தோறும் காணும் அதே சொல்தான்.

அன்பு மாணவர்களே! நாளை நீங்களும் எரிமலை காணச் செல்வீர்கள். அவ்வாறு செல்லுங்கால், அன்றைய எச்சரிக்கை நிலையை முதலில் கேளுங்கள். ஆறுகள் எப்பக்கம் ஓடுகின்றன, வெளியேறும் சாலை எது என்று பாருங்கள். பகலில் அருகே சென்று காணுங்கள். இரவில் தள்ளி உறங்குங்கள். உங்களுள் மிக மெதுவாக நடப்பவர் யாரோ, அவருடைய கால்களைக்கொண்டே தொலைவை அளந்திடுங்கள். சன்னலில் தெரியும் காட்சியைவிட, உடன் வந்தோர் அச்சமின்றி உறங்கும் உறக்கமே பெரிது.