நடக்க வைத்தவரின் கடமை

மனிதன் உடம்பின்மேல் அணிந்துகொள்ளும் பொருள்கள் பல. என் தந்தையாருடைய மூக்குக்கண்ணாடியின் கால் ஒருமுறை முறிந்தபோது, ஊர்த் தட்டார் ஒருவர் செப்புக் கம்பியால் முறுக்கிக் கொடுத்தார். அது அவர் காலம் முடியும்வரை உழைத்தது. இன்று இயந்திரமும் இவ்வணிகளுள் ஒன்றாகிவிட்டது. கால் வழங்காதவர் இடுப்பிலும் தொடையிலும் வாரிட்டுக் கட்டிக்கொண்டு, பற்றறியின் வலுவால் எழுந்து நடக்கும் பொறியைப் பற்றியே சொல்கிறேன். உடலில் அணியும் றோபோ என்று அதனைக் கூறுவர்.

இஸ்ரேல் நாட்டுப் பொறியியலாளர் அமித் கோஃபர் 1997இல் நேர்ந்த விபத்தொன்றினாற் கைகால்களின் வலுவை இழந்தார். அவர் ஆக்கிய 'றீவோக்' என்னும் பொறி பிறரை எழுப்பி நடத்திற்று. ஊன்றுகோலைப் பற்றுவதற்குக் கைவலு வேண்டியிருந்தமையால் ஆக்கியவருக்கே அது பயன்படவில்லை! 2014இல் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் அதனை வீட்டிலும் வெளியிலும் உபயோகிக்க அனுமதித்தது. பயிற்சி பெற்ற துணைவர் ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும், படியேறுதல் ஆகாது என்பன அன்றைய நிபந்தனைகளுட் சில. அதே ஆண்டிற் சர்வதேச நியமங்களுக்கான நிறுவனம், மனிதரோடு நெருங்கிப் பணிபுரியும் றோபோக்களுக்கென 13482ஆம் இலக்கப் பாதுகாப்பு நியமத்தை வெளியிட்டது. யப்பானின் 'ஹால்' பொறியோ தோலின்மேல் தோன்றும் நுண்ணிய மின்சைகைகளை உணர்ந்து இயங்குவது. உடம்பின் அந்தரங்கம் இவ்வாறு பொறிக்குள் புகுவதால், அத்தகவல்களைக் காக்கவும் சட்டம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் அது நடைமுறையில் உள்ளது.

இவையெல்லாம் வேண்டியவையே. ஆயினும், பொறி பழுதுபட்டால் அணிந்தவரின் கதி யாது?

2024இல் அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்றைக் கேளுங்கள். ஏறத்தாழப் பத்தாண்டுகள் இத்தகைய பொறியை அணிந்து நடந்தவர் ஒருவர். அதனை இயக்குவதற்குக் கையில் மணிக்கூடு போன்ற கருவியொன்றை அணிதல் வேண்டும். அதன் பற்றறித் தொடுப்பிற் சிறு பழுது ஏற்பட்டது. ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட பொறிகளைத் திருத்துவதில்லை என்று கம்பனியார் கைவிரித்தனர். நடந்தவர் மீண்டும் சக்கர நாற்காலியில் அமர்ந்தார். செய்தி பரவி ஊர் பேசத் தொடங்கிய பின்னரே பழுது நீங்கிற்று. அவருக்குக் கைகொடுத்தது சட்டமன்று, ஊர்வாயே.

இதனை உயர்தர வகுப்பிற் கூறினேன். மாணவன் ஒருவன், "சேர், பழைய மோட்டார்ச் சைக்கிளுக்கும் கம்பனி சாமான் விடுவதில்லைத்தானே?" என்றான். பின்வாங்கில் இருந்தவன், "சைக்கிள் நின்றால் இறங்கி நடக்கலாமடா" என்றான். சிரிப்பு எழவில்லை, வகுப்பு அடங்கிவிட்டது. புதியது வாங்கலாமே என்பார்க்கு ஒரு கணக்கு: அமெரிக்க அரசின் மெடிக்கெயார் காப்புறுதி 2024இல் இவ்வகைப் பொறியொன்றிற்கு நிர்ணயித்த தொகை ஏறத்தாழ 91,000 டொலர்.

கம்பனியின் பக்கத்தையும் மாணவருக்கு எடுத்துரைத்தேன். தேய்ந்த பொறியைத் திருத்திக் கொடுத்து, அணிந்தவர் விழுந்து எலும்பு முறிந்தாற் பழி அவர்களையே சாரும். அந்த அச்சம் முழுவதும் பேராசையன்று. அவ்வாறாயின், திருத்த வல்ல பிறருக்கு வேண்டிய பாகங்களையும் வரைபடங்களையும் ஏன் கொடுத்தல் கூடாது? தட்டாரிடம் செப்புக் கம்பியாவது இருந்தது.

கொலராடோ மாநிலம் 2022இல் இக்கருத்தைச் சட்டமாக்கிற்று. மின்வலுவால் இயங்கும் சக்கர நாற்காலிகளை ஆக்குவோர், அவற்றை உடையவருக்கும் வெளியிலுள்ள திருத்துநருக்கும் உதிரிப்பாகங்களையும் கருவிகளையும் கைந்நூல்களையும் வழங்கவேண்டும் என்பது விதி. 2023 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் அச்சட்டம் பேசியது நாற்காலியைப் பற்றியே. நாற்காலியை விட்டு எழுந்து நடப்பவருக்கும் அவ்வுரிமை உண்டென்று அதில் இன்னும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.