செவி எனும் அமானிதம்

செவியையும் பார்வையையும் சேர்த்துக் கூறும் பல இடங்களில் திருக்குர்ஆன் செவியையே முன்வைக்கிறது என்பதை ஓதுவோர் அறிவர். வள்ளுவரும் கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஆசிரியரிடமிருந்து ஹதீஸைப் பெறும் முறைகளை வரிசைப்படுத்திய கலைவாணர்களில் பெரும்பாலோர், அவர் வாய்மொழியை நேரே கேட்பதாகிய ‘ஸமாஉ’ என்பதற்கே முதலிடம் தந்தனர். இன்று அந்தச் செவியின்மேல் ஒரு கருவி ஏறி அமர்ந்திருக்கிறது. “ஹஜ்ரத், பையன் ஓதல் கேட்க ஹெட்போன் வேண்டும் என்கிறான். எது வாங்கினால் காசுக்குத் தகும்?” என்று குமாரபாளையத்துப் பெற்றோர் நம்மிடம் கேட்கின்றனர். தறிக்கூலியில் மிச்சம் பிடித்த பணத்தை வைத்துக்கொண்டு கேட்கும் கேள்வி அது. ஆகவே, ‘கடைக்காரரைக் கேளுங்கள்’ என்று சொல்லித் தட்டிக் கழிக்க நமக்கு மனம் வரவில்லை.

இக்கருவி நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியேல் பால்ட்வின் என்பவர் 1910ஆம் ஆண்டளவில் தம் வீட்டுச் சமையலறையில் செய்து கடற்படைக்கு அனுப்பிய கருவியே இன்றைய ஹெட்போனுக்கு முன்னோடி. 1934இல் கெய்ரோ வானொலி தொடங்கியபோது ஷைகு முஹம்மது ரிஃப்அத் அவர்களின் கிராஅத் காற்றில் ஏறிற்று. 1961இல் ஷைகு மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ அவர்கள் ஓதிய முழுக் குர்ஆனும் ஒலிப்பதிவாக வெளிவந்தது. மிஸ்ரு நாட்டுக் காரீயின் குரல் காவிரிக்கரைச் சிறுவனின் காதருகே வந்து ஓதுவது அல்லாஹ்வின் பேரருளே. ஆனால் அக்குரல் பழுதின்றி வந்து சேர்கிறதா என்பதே நம் கேள்வி.

இதை அறிய விலையுயர்ந்த அளவுகோல் எதுவும் தேவையில்லை. நம் வீட்டுச் சிறு குழந்தைக்கும் மனப்பாடமான கடைசி மூன்று சூராக்கள் போதும். நன்கு பதிவான ஒரு காரீயின் கிராஅத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள்.

முதலில் சூரத்துந் நாஸ். அதன் ஆறு ஆயத்துகளும் ஸீன் எழுத்திலேயே முடிகின்றன. ஸாத், ஸீன், ஸாய் ஆகிய மூன்றையும் தஜ்வீத் கலையினர் ‘ஸஃபீர்’, அதாவது சீழ்க்கை ஓசை உடையவை என்றனர். அந்தச் சீழ்க்கை பெரும்பாலும் வினாடிக்கு 4000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட மெல்லிய உச்ச ஓசை. மட்டமான கருவியில் அது மழுங்கி ஸீனும் ஸேயும் ஒன்றாகிவிடும். அல்லது அளவு மீறிக் காதைக் கீறும். இரண்டுமே குறைதான். பழைய தொலைபேசி 300 முதல் 3400 அதிர்வுகள் வரையுள்ள ஓசையையே கடத்தியதால்தான், அதில் பெயர்களை எழுத்தெழுத்தாக விளக்க வேண்டியிருந்தது.

அடுத்து சூரத்துல் இக்லாஸும் சூரத்துல் ஃபலக்கும். முன்னதன் நான்கு ஆயத்துகளும் தாலில் முடிகின்றன. பின்னதன் ஐந்தும் காஃப், பே, தால் ஆகியவற்றில் முடிகின்றன. எல்லாமே கல்கலா எழுத்துகள். தட்டிய பந்து எழுவதுபோல் ஓசை ஒருமுறை துள்ளி உடனே அடங்கவேண்டும். துள்ளலுக்குப் பின் ‘கும்’மென்று வால் நீளுமாயின், அக்கருவியில் தாழ்ந்த ஓசை அளவுக்கு மேல் ஏற்றப்பட்டிருக்கிறது என்று அறியலாம். ‘பேஸ்’ மிகுதி என்று விளம்பரம் செய்யப்படுபவற்றில் பல இத்தகையனவே. அவற்றில் குன்னாவின் மூக்கோசையும் வீங்கி ஒலிக்கும். திரைப்பாட்டின் முழக்கத்துக்கு அது சிலருக்கு இனிக்கலாம். ஓதலுக்கும் உரைக்கும் உதவாது.

பெட்டியின்மேல் அச்சிட்ட எண்களைக் கண்டு மயங்கவேண்டாம். ‘20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை’ என்பது ஏறத்தாழ எல்லாப் பெட்டிகளிலும் உண்டு. அவ்வெல்லைக்குள் ஓசை எவ்வளவு சமனாக ஒலிக்கிறது என்பதை அது சொல்வதில்லை. உள்ளிருக்கும் ஒலிவட்டு பெரிதாக இருப்பதும் தரத்துக்குச் சான்றாகாது. ‘ஓம்’ என்னும் மின்தடை எண்ணை மட்டும் பாருங்கள். 16 முதல் 32 வரை இருப்பின் கைப்பேசியே அதனை நன்கு இயக்கும். 250, 300 என்றிருப்பவை பெரும்பாலும் தனிப் பெருக்கியை நாடும். அவை நம் வீடுகளுக்கு வீண் செலவு. மற்றொன்றும் மனத்தில் இருக்கட்டும்: கோப்பைச் சிறிதாக்குவதற்காகச் சுருக்கிச் சுருக்கிப் பதிந்த கிராஅத்தில் இழந்த ஓசையை எந்த விலைக் கருவியும் மீட்டுத் தராது.

கம்பியுள்ளதா, கம்பியில்லாததா? ஒரே விலையில் இரண்டையும் ஒப்பிட்டால், ஓசைத் தரத்தில் கம்பியுள்ளதே பெரும்பாலும் முந்தும். கம்பியில்லாததில் நாம் தரும் பணம் பேட்டரிக்கும் வானலைச் சில்லுக்கும் பங்காகிவிடுகிறது. காதில் செருகும் சிறு மணிகளின் பேட்டரி சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். அதை மாற்றித் தருவோர் அரிது. கம்பியுள்ளதில் பழுது பெரும்பாலும் முளையருகே வரும். கம்பியைத் தனியே கழற்றி மாற்றும் அமைப்புடையதை வாங்கினால் நெடுநாள் உழைக்கும். புதிய கைப்பேசிகள் பலவற்றில் கம்பி செருகும் துளை இல்லாமையால், வாங்குமுன் அதையும் பார்த்துக்கொள்வது நன்று. பிள்ளைகள் நெடுநேரம் அணிவதாயின், செவி முழுதையும் மூடும் மெத்தையுடைய, எடை குறைந்த ஹெட்போனே ஏற்றது. பகட்டுக்காகக் கூடுதல் விலை தருவது இஸ்ராஃப். ஒரே மாதத்தில் அறுந்துபோவதை மலிவென்று மீண்டும் மீண்டும் வாங்குவதும் இஸ்ராஃபே.

இவ்வளவும் சொன்ன பின், நம் ஊருக்கே உரிய செய்தி ஒன்றைச் சொல்லியாகவேண்டும். அக்கரையில் பவானி, இக்கரையில் நாம், இடையே காவிரி. அந்த ஆற்றின் சலசலப்பையும் மீறி விசைத்தறிகள் இரவு பகலாய் அடித்துக்கொண்டிருக்கின்றன. நாடா பாயும் தறிகள் வரிசையாய் ஓடும் பட்டறைக்குள் ஓசை 90 டெசிபலைத் தாண்டுவது புதுமையன்று.

நம்மிடம் ஓதிய இளைஞர் ஒருவர் அத்தகைய பட்டறையில் இரவு ஷிப்டில் தறி ஓட்டுகிறார். மனனம் செய்தது மறந்துபோகாதிருக்க, தறி ஓடும்போதே இயர்போனைச் செருகி நாளுக்கொரு ஜுஸ்உ கேட்டுவந்தார். எண்ணம் உயர்ந்தது. ஆனால் தறியோசையை மீறிக் கேட்க அவர் ஒலியை மேலும் மேலும் ஏற்றவேண்டியதாயிற்று. ரமளானுக்கு முன் பாடம் ஒப்புவிக்க வந்தவர், நாம் தாழ்ந்த குரலில் திருத்திக் காட்டிய ஸீனையும் ஸேயையும் பிரித்தறிய இயலாமல் நம் உதடுகளையே உற்றுப் பார்த்தார். மருத்துவப் பரிசோதனையில் 4000 அதிர்வுகளையொட்டிக் கேள்வித்திறன் இறங்கியிருப்பது தெரிந்தது. பேரோசை முதலில் தாக்குவது அந்த இடத்தைத்தான். ஸஃபீர் எழுத்துகளின் உயிர் இருப்பதும் அங்கேதான். உட்செவியின் நுண்மயிர் அணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்கு இது: 80 டெசிபல் ஓசையை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 ஆனால் 4 மணி நேரமே. நம் தறியாளருக்கு அந்த வாரக் கணக்கு ஒரே ஷிப்டில் தீர்ந்துவிடுகிறது. அதன்மேல் இயர்போனின் ஓசையையும் ஏற்றினால் செவி என்னாகும்? வெளியோசையைத் தணிக்கும் புதுவகை ஹெட்போன்கள் வந்துள்ளனவே என்பர். வங்காளத் தந்தைக்குப் பிறந்த அமர் போஸ் 1978இல் ஒரு விமானப் பயணத்தின்போது சிந்தித்துத் தொடங்கிய வழி அது. விமான இரைச்சல் போன்ற சீரான தாழ்ந்த ஓசையை அது நன்கு தணிக்கும். நாடா மோதும் திடீர் அடியின்முன் அதன் திறன் குறையும்.

ஆகவே, தறி ஓட்டும் வீட்டார் முதலில் வாங்கவேண்டியது ஹெட்போன் அன்று. சில ரூபாய்க்குக் கிடைக்கும் நுரையாலான காதடைப்பான். அத்தாவுக்கு ஒன்று, தறியில் நிற்கும் அம்மாவுக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று. ஓதலைக் கேட்பது வீட்டின் அமைதியில், பஜ்ருக்குப் பின், ஒலியளவைப் பாதிக்குச் சற்று மேல் தாண்டவிடாமல் இருக்கட்டும். அப்போது நடுத்தர விலைக் கருவியே நிறைவாய் ஒலிக்கும். கேட்ட பாடத்தை உஸ்தாதின் முன் அமர்ந்து ஓதிக்காட்டுவதும் தவறவேண்டாம். எழுத்து பிறக்கும் மக்ரஜைக் கருவி காட்டாது. பிள்ளையின் பிழையையும் அது திருத்தாது.

அந்த இளைஞர் இப்போது காதடைப்பானுடன் தறியில் நிற்கிறார். ஓய்வு நாளில் நம்மிடம் வந்து ஓதுகிறார்; நாமும் குரலைச் சற்று உயர்த்திச் சொல்லித் தருகிறோம். தம் செவிக்கு நலம் வேண்டி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் துஆச் செய்திருக்கிறார்கள். நாமும் கேட்போம், கேட்டபின் ஒலியளவையும் குறைப்போம்.