பவானிக் கரையில் ஒரு கேள்வி

கோவையிலிருந்து அன்னூர், புளியம்பட்டி வழியாகச் சத்தியமங்கலம் செல்லும் சாலை ஏறக்குறைய 70 கிலோமீட்டர் நீளமுடையது. புளியம்பட்டியைக் கடந்ததும் வடக்கே மலைத்தொடர் நீல வரம்பு கட்டினாற்போல் எழுந்து நிற்கும். அருகே வர வர வாழைத் தோட்டங்களும் கரும்பு வயல்களும் கண்ணை நிறைக்கும். பவானியாற்றின் கரையில் அமைந்த இவ்வூர் மல்லிகைக்குப் பெயர் பெற்றது. விடியுமுன்னரே நெற்றியில் விளக்குக் கட்டிய பெண்கள் தோட்டங்களில் அரும்பு பறிப்பர்; பொழுது புலர்ந்ததும் மலர்ச் சந்தையில் ஏலக் குரல் ஒலிக்கத் தொடங்கும்.

ஊரைக் கடந்து வடக்கே சென்றால் பண்ணாரி. அங்கிருந்து 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட திம்பம் மலைப்பாதை. அதற்கும் அப்பால் ஆசனூர், தாளவாடி. 2013ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பெற்ற பெருங்காடு இது. காண வருவோருக்கு இதன் அழகு போதும். ஆயினும் பங்குப் பணிக்கென இப்பகுதிக்குச் சென்று வரும் நமது கண்ணில் மற்றொரு காட்சியும் படுவதுண்டு.

அதிகாலைப் பேருந்துகளில், பூக்கூடைகளுக்கு இடையே, மருத்துவப் படங்கள் வைத்த நீண்ட உறையை மார்போடு அணைத்தபடி சிலர் அமர்ந்திருப்பர். தலையில் துண்டு சுற்றியிருக்கும். உடன் வந்தவர் கையில் கஞ்சித் தூக்கு இருக்கும். கோவைக்கோ ஈரோட்டுக்கோ புற்றுநோய்ச் சிகிச்சைக்குச் செல்பவர்கள் அவர்கள். தாளவாடிப் பகுதியினர் கோவையை அடைய நூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்தாக வேண்டும். கதிர்வீச்சுச் சிகிச்சையோ பல வாரங்கள் தொடர்வது. அவர்கள் சுமந்து செல்லும் உறையிலே உடலின் படம் இருக்கிறது; உள்ளத்தின் படம் எதிலே இருக்கிறது?

அன்பார்ந்த வாசகர்களே, இக்கேள்வியை மருத்துவ உலகமே நெடுங்காலம் கேளாதிருந்தது. தம் உடன்பிறந்தாளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தைத் தோற்றுவித்தபோது, இந்நோய்க்குச் சிகிச்சை உண்டு என்று மக்களை நம்பவைப்பதே பெரும்பாடாயிருந்தது. 1955இல் அங்குச் சேர்ந்து, 2021இல் மறையும் வரை அங்கேயே வாழ்ந்த டாக்டர் சாந்தா அம்மையார் நோயோடு போராடியதற்கு நிகராக நோய் பற்றிய அச்சத்தோடும் போராடினார். இன்று அந்நிலையத்தில் நோயாளரின் உளநலத்திற்கென்றே தனித்துறை இயங்குகிறது.

இத்துறை தழைக்க வழிவகுத்தவருள் முதன்மையானவர் அமெரிக்க மருத்துவர் ஜிம்மி ஹாலண்ட் அம்மையார். 1977ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையில் நோயாளரின் மனநிலையைக் கவனிக்கத் தனிப்பிரிவைத் தொடங்கியவர் அவர். கட்டியின் அளவைக் கேட்கும் நாம், நோயாளியின் மனத்தில் என்ன நிகழ்கிறது என்று ஏன் கேட்பதில்லை என்பதே அவர் எழுப்பிய வினா. பின்னர் எளியதோர் அளவுகோலும் வழக்குக்கு வந்தது. காய்ச்சல்மானி போன்ற ஒரு படம். அதில் 0 முதல் 10 வரை எண்கள். சென்ற ஒரு வாரத்தில் தம் மனவேதனை எவ்வளவு என்பதை நோயாளியே வட்டமிட்டுக் காட்டுவார். பொதுவாக 4 அல்லது அதற்கு மேற்பட்டால் அவருக்குத் தனிக்கவனம் தேவை என்று கொள்வர். எழுத்தறியாதாரும் விரலால் தொட்டுக் காட்டலாம்.

இவ்வேதனை அரிதான ஒன்றன்று. 14 நாடுகளில் மருத்துவமனைகளில் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றிய 70 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, 2011ஆம் ஆண்டில் அறிஞர்கள் ஒரு முடிவை வெளியிட்டனர். நூறு பேரில் 30 முதல் 40 பேருக்கு மனச்சோர்வோ, பதற்றமோ, நோயை ஏற்க இயலாத மனத்தடுமாற்றமோ இருக்கிறது என்பதே அது. ஆகவே கலங்குகிறவர் கோழையல்லர். விசுவாசம் குன்றியவரும் அல்லர். காய்ச்சலைப் போல, வலியைப் போல, இக்கலக்கமும் நோயின் ஒரு பகுதி. அதற்கும் பேச்சாலும் மருந்தாலும் உதவி உண்டு.

இனி, நம் நாட்டுக்குரிய ஒரு தனிச்சிக்கலைச் சொல்ல வேண்டும். அதனை ஒரு நிகழ்ச்சியால் விளக்குவோம். சம்பந்தப்பட்ட பெரியவர் இப்போது உயிரோடில்லை; அவர் மக்களின் இசைவோடு, ஊரும் பெயரும் தவிர்த்து எழுதுகிறோம்.

மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் நோயுற்றிருந்த அவரைக் காணச் சென்றோம். வாசலிலேயே மூத்த மகன் நம்மை நிறுத்தினார். “அய்யனுக்குத் தெரியாதுங்க சாமி. வயித்துல புண்ணுன்னுதான் சொல்லியிருக்கறோமுங்க. எண்ணெய் கிண்ணெய் எடுத்துறாதீங்க, பயந்துக்குவாரு” என்றார் தாழ்ந்த குரலில். உள்ளே சென்றோம். பெரியவர் புன்னகையோடு வரவேற்றார். மழையைப் பற்றியும் வாழைத்தார் விலையைப் பற்றியும் பேசினார். வீட்டார் தேநீர் கொணர அகன்றதும் நம் கையைப் பற்றிக்கொண்டார்.

“எனக்கு எல்லாமே தெரியுமுங்க சாமி. கோயமுத்தூர்ல என்ன வார்டுல படுக்க வெச்சாங்கன்னு போர்டு படிக்கத் தெரியாதுங்களா? பசங்க அழுவாங்கன்னுதான் கேக்காம இருக்கறனுங்க.”

தந்தை கலங்குவாரென்று மக்கள் மறைத்தனர். மக்கள் கலங்குவாரென்று தந்தை மறைத்தார். இரு தரப்பிலும் அன்புதான். அந்த அன்பே நடுவில் சுவராய் எழுந்து நின்றது. ஒரே கூரையின் கீழ் ஒவ்வொருவரும் தனித்தனியே அழுதுகொண்டிருந்தனர். பெங்களூர் தேசிய மனநல மருத்துவ நிலையத்தின் அறிஞர்களான சந்தோஷ் சதுர்வேதி, பிரபா சந்திரா ஆகியோர் இத்தகைய மறைப்பைக் குறித்து 2009ஆம் ஆண்டில் எழுதியுள்ளனர். இந்நாட்டில் உறவினர்கள் முதலில் உண்மையை அறிந்துகொண்டு நோயாளிக்குத் தெரிவிக்காதிருப்பது அவர்கள் கண்ட பொதுவழக்கு. அதனைக் குற்றமென்று சாடாமல், அதற்குப் பின்னுள்ள அன்பையும் அச்சத்தையும் முதலில் உணர்ந்து பேச வேண்டும் என்பதே இத்துறையினர் காட்டும் நெறி.

பெரியவரின் இசைவைப் பெற்று மகனிடம் ஒன்றே ஒன்று சொன்னோம்: “நோயின் பெயரை நீர் சொல்ல வேண்டாம். மனதுக்கு எப்படி இருக்கிறது என்று மட்டும் அய்யனைக் கேளும். கேட்டபின் பேசாமல் இரும்.” அன்றிரவு அவர் கேட்டார். பெரியவர் அஞ்சியது சாவை அன்று. வலி தாங்க இயலாது போகுமோ என்பது ஓர் அச்சம். தம் பொருட்டு மக்கள் காட்டை விற்றுவிடுவரோ என்பது மற்றொன்று. கிணற்றுப் பங்கு குறித்துத் தம்பியோடு பேச்சற்றுப் போயிருந்த துயரமும் உடனிருந்தது. தம்பி அழைக்கப்பட்டார். வலிக்கு மருத்துவரிடம் உரிய மருந்து பெறப்பட்டது. காடு விற்கப்படவில்லை. நான்கு மாதங்கள் அவர் வாழ்ந்தார். அந்த நான்கு மாதங்களும் வீட்டில் எல்லாரும் ஒன்றாக வாழ்ந்தனர்.

1967ஆம் ஆண்டில் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் இதனை ‘முழுமையான வலி’ என்றார். உடல்வலி, மனவலி, குடும்பமும் பொருளும் பற்றிய வலி, ஆன்மவலி ஆகிய நான்கும் பின்னிக் கிடப்பவை. ஒன்றை மட்டும் தணித்தால் போதாது என்பது அவர் கண்ட உண்மை. அந்தப் பெரியவரிடம் நான்கையும் நாம் கண்டோம்.

ஓர் எச்சரிக்கையும் இங்குத் தேவை. “தைரியமாயிரு, நோய் ஓடிவிடும்” என்று சொல்வது நம்மவர் வழக்கம். மனவுறுதி புற்றுநோயைத் தீர்க்கும் என்பதற்குச் சான்று இல்லை. குழுவாய்க் கூடிப் பேசிய மார்பகப் புற்றுநோயாளர் நீண்டநாள் வாழ்ந்தனர் என்று 1989இல் ஓர் ஆய்வு கூறியது. 235 பெண்களைக் கொண்டு பின்னர் நடத்தி 2001இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் ஆயுள் நீளவில்லை. ஆயினும் மனத்துயரும் வலியுணர்வும் குறைந்தன. ஆகவே, நோய் முற்றினால் அது நோயாளியின் மனவுறுதிக் குறைவன்று. அப்பழியை அவர்மேல் சுமத்துவது கொடுமை. உள்ளத்தைப் பேணுவது ஆயுளை நீட்டும் தந்திரம் என்பதற்காக அன்று. துன்பம் தணிக்கப்பட வேண்டியது என்பதற்காகவே. அதே வேளையில், பாஸ்டன் நகரில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளர் 151 பேரிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கத்திலிருந்தே வலித்தணிப்புப் பேணுதலும் பெற்றவர்களிடம் மனச்சோர்வு குறைந்திருந்தது. அவர்கள் சற்று நீண்டும் வாழ்ந்தனர்.

நம் பகுதியிலும் உதவிகள் பெருகியுள்ளன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிலேயே வலித்தணிப்புப் பேணுதலும் அடங்கும். 2023 நவம்பரில் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் முயற்சி முதலில் தொடங்கப்பெற்ற நான்கு மாவட்டங்களுள் நம் ஈரோடும் ஒன்று. மனத்துயருக்கு 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.

ஆனால் முதல் உதவி வீட்டில்தான் தொடங்குகிறது. முன்பு ‘அவஸ்தைப் பூசுதல்’ என்று வழங்கியதை இன்று ‘நோயில் பூசுதல்’ என்கிறோம். 1972இல் புதுப்பிக்கப்பட்ட அத்திருச்சடங்கு சாவின் அறிவிப்பு அன்று. நோயாளிக்குத் துணையாக வரும் ஆறுதல். எனவே குருவை வாசலில் நிறுத்தாதீர்கள். காண வருவோர் மற்ற நோயாளிகளின் கதைகளையும் பத்தியக் குறிப்புகளையும் வாசலிலேயே விட்டு வாருங்கள். நோயாளியைக் கவனிப்பவரையும் ஒரு பொழுது உறங்கச் செய்யுங்கள்; அவர் மனமும் களைத்திருக்கிறது.

யோபுவின் நண்பர்களை நினைத்துப் பாருங்கள். ஏழு நாளும் ஏழு இரவும் ஒன்றும் பேசாது அவரோடு தரையில் அமர்ந்திருந்த வரையில் அவர்கள் நல்ல நண்பர்கள். காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான் அவரை வருத்தினர். நோயுற்றோரின் பக்கத்தில் அமர்வோம். “மனதுக்கு எப்படி இருக்கிறது?” என்று கேட்போம். விடை வரும் வரை எழாதிருப்போம்.