எக்ஸ் என்று ஒரு எழுத்து

ஒவ்வொரு ரேடியோ, டிவி நிலையத்துக்கும் ஒரு குறி உண்டு. கால் சைன் என்பார்கள். வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி, வானலைக்கு இது. நம்பர் பிளேட்டை வைத்து எந்த ஊர் ஆர்.டி.ஓ. என்று சொல்லிவிடுகிறோம் இல்லையா, அதே போல அமெரிக்காவின் பழைய கால் சைன்களையும் படிக்கலாம். கொஞ்ச நாளாக எனக்கு இந்தப் பைத்தியம்தான். செமஸ்டர் நெருங்கும்போதுதானே இப்படிப்பட்ட ஆர்வமெல்லாம் வரும்!

1912-ல் அமெரிக்கா ரேடியோவுக்குச் சட்டம் போட்டு, நாட்டை 9 மண்டலங்களாகப் பிரித்தது. குறியில் முதலில் வரும் எண் மண்டலம். அதற்கு அடுத்த எழுத்து எக்ஸ் என்றால் பரிசோதனை நிலையம். ஒய் என்றால் ரேடியோ கற்றுத்தரும் பள்ளி.

பிட்ஸ்பர்க் பக்கத்தில் ஃபிராங்க் கான்ராட் என்ற வெஸ்டிங்ஹவுஸ் எஞ்சினியர் தன் வீட்டு கராஜில் வைத்திருந்தது '8எக்ஸ்கே'. 1916-ல் லைசென்ஸ். முதல் உலகப் போர் முடிந்ததும் மைக் முன்னால் கிராமபோன் இசைத்தட்டைச் சுழலவிட்டார். கேட்பதற்கு ஆள் சேர்ந்தது. 1920-ல் ஒரு கடை, இவர் பாட்டைக் கேட்கலாம் என்று சொல்லி ரேடியோ பெட்டி விற்க விளம்பரம் கொடுத்தது. அதைப் பார்த்து விழித்துக்கொண்ட கம்பெனி தொடங்கியதுதான் புகழ்பெற்ற 'கேடிகேஏ' நிலையம். அந்த நான்கு எழுத்துக்கு அர்த்தம் தேடாதீர்கள். வரிசையில் அடுத்து இருந்த குறி, அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்தது '9எக்ஸ்எம்'. விஸ்கான்சின் பல்கலைக்கழக இயற்பியல் துறையுடையது. பேராசிரியர் ஏர்ல் டெர்ரியும் மாணவர்களும் வால்வுகளைக்கூட லேபிலேயே செய்துகொண்டார்கள். செய்யச் செய்ய எரிந்துபோகும், மறுபடி செய்வார்கள். 1922-ல் அது 'டபிள்யூஎச்ஏ' ஆனது. எக்ஸ் போய்விட்டது.

1928-ல் சர்வதேச ஒப்பந்தப்படி இந்தக் குறிகளுக்கு முன்னால் டபிள்யூ சேர்ந்தது. அது டிவி தலையெடுத்த நேரம். நியூயார்க்கில் ஆர்.சி.ஏ.வின் 'டபிள்யூ2எக்ஸ்பிஎஸ்' முதலில் காட்டிய நட்சத்திரம் யார் தெரியுமா? ஃபெலிக்ஸ் என்ற பூனை பொம்மை! விளக்குச் சூட்டை மனிதர்களால் தாங்க முடியாது என்பதால் பொம்மையைச் சுழலும் தட்டில் வைத்து மணிக்கணக்கில் படம் பிடித்தார்கள். வெறும் 60 கோடுகளில் ஒரு பூனை.

இன்னொரு வேடிக்கை. ஸ்கெனெக்டடி நகரின் பரிசோதனை டிவி நிலையம் 1942-ல் 'டபிள்யூஆர்ஜிபி' ஆனது. ரெட், கிரீன், புளூ என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை! வால்டர் ஆர்.ஜி. பேக்கர் என்ற ஜெனரல் எலக்ட்ரிக் அதிகாரியின் பெயர் அது.

எக்ஸ் நிலையங்கள் விளம்பரத்தால் சம்பாதிக்க முடியாது. ஆனால் படம் மங்கலாக வந்தாலும், பாதியில் நின்றாலும் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். தோற்பதற்கு அரசாங்கமே லைசென்ஸ் கொடுத்த மாதிரி. 1941 ஜூலை 1-ம் தேதி 'டபிள்யூ2எக்ஸ்பிஎஸ்' வணிக நிலையமாக மாறி 'டபிள்யூஎன்பிடி' ஆனது. அன்றைக்கே பேஸ்பால் மேட்சுக்கு முன்னால் புலோவா வாட்ச் விளம்பரம். பத்து டாலருக்கும் குறைவான கட்டணம்! பூனைக்கு வேலை போயிற்று, கடிகாரத்துக்கு வேலை வந்தது.

இதில் எனக்குப் பொறாமையாக இருப்பது ஒன்றுதான். எங்கள் லேபிலும் 'எக்ஸ்பெரிமென்ட்' உண்டு. ஆனால் விடை போன வருட சீனியர் நோட்டிலேயே இருக்கும். ரீடிங் அதோடு ஒத்துப்போகாவிட்டால் ரெக்கார்டில் கையெழுத்து விழாது. என்ன ஆகும் என்று தெரியாமல் செய்வதுதானே சோதனை? தெரிந்ததையே செய்வதற்குப் பெயர் சடங்கு.

அமெரிக்காவில் பரிசோதனை லைசென்ஸ் வாங்குபவர்களின் குறியில் இன்றும் எண்ணுக்கு அடுத்து அந்த எக்ஸ் வருகிறது. நூறு வருடம் தாண்டியும் 'இது சரியாக வராமல் போகலாம்' என்று சொல்ல ஒரு எழுத்தை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நம்ம ரெக்கார்ட் நோட்டிலும் அப்படி ஒரு பக்கம் ஒதுக்கினால் என்ன? நீங்களே சொல்லுங்கள்.