காட்டேரி வேஷமும் ஒரு சலங்கை மணியும்

எனக்குச் சொந்த ஊர் அத்திப்பட்டு. பேரைச் சொன்னதும் காலேஜில் பத்துக்கு எட்டு பேர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "மச்சி, சிட்டிசன் படத்துல காணாம போகுமே, அந்த ஊரா?" இல்லப்பா, அது அத்திப்பட்டி, கற்பனை ஊர். எங்க ஊர் அத்திப்பட்டு. கும்மிடிப்பூண்டி லைனில் நந்தியம்பாக்கத்துக்கு முந்தின ஸ்டேஷன். மேப்பில் பத்திரமாக இருக்கிறது. படம் வந்தது 2001-ல், அப்போது நான் பிறக்கவே இல்லை. இருந்தாலும் அஜித் வேஷத்துக்கு மேல் வேஷமாக மாற்றிக்கொண்டு வருகிற அந்தப் படம் எங்கள் ஊர்க்காரன் தலையில் ஆயுசுக்கும் ஒட்டிக்கொண்டது.

அதனால்தான் போன வருஷம் ஆகஸ்ட் கடைசியில், ஸ்டேஷன் படிக்கட்டுக்குக் கீழே மழையில் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு மாசக் குட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்தபோது பெயர் யோசிக்கவே தேவைப்படவில்லை. சிட்டிசன். செம்பட்டை நிறம், ஒரு காது நின்றிருக்கும், இன்னொன்று படுத்திருக்கும். பக்கா நாட்டு நாய்.

வேஷம் போட்ட ஹீரோவின் பெயரை வைத்த நாய்க்கு நானே ஒரு நாள் வேஷம் போட்டு, அதன் உயிருக்கே உலை வைக்கப் பார்த்த கதைதான் இது.

மீஞ்சூர் பக்கம் புதிதாக வந்த ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் என் கிளாஸ்மேட் இருக்கிறான். அங்கே அக்டோபர் 31-ம் தேதி ஹாலோவீன் கொண்டாட்டம் என்றும், செல்லப் பிராணிகளுக்கு மாறுவேடப் போட்டி உண்டு என்றும், முதல் பரிசு ஆயிரம் ரூபாய் என்றும் சொன்னான். பி.காம். படிக்கிறவனிடம் ஆயிரம் ரூபாய் என்று சொன்னால் என்ன ஆகும்? உடனே மனசுக்குள் பட்ஜெட் போட்டுவிட்டேன்.

ஹாலோவீன் என்பது அயர்லாந்துப் பக்கத்துப் பழைய அறுவடைக்கால நம்பிக்கையில் வேர் விட்ட பண்டிகை. 19-ம் நூற்றாண்டில் அங்கிருந்து பிழைக்கப் போனவர்களோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. இன்று அங்கே அது பெரிய வியாபாரம். அமெரிக்க தேசிய சில்லறை வணிகக் கூட்டமைப்பின் 2023-ம் ஆண்டுக் கணிப்புப்படி, வீட்டுப் பிராணிகளின் ஹாலோவீன் உடைகளுக்கு மட்டும் மக்கள் செலவழிக்க இருந்த தொகை சுமார் 70 கோடி டாலர். நம்ம பக்கம் அது இப்போதுதான் மால்களிலும் அடுக்குமாடிகளிலும் எட்டிப் பார்க்கிறது. அந்த எட்டிப் பார்த்தலில் நானும் மாட்டினேன்.

வேஷம், ரத்தக் காட்டேரி. கறுப்பு சாட்டின் துணி வாங்கி, அம்மாவின் தையல் மிஷினில் நானே ஒரு மேலங்கி தைத்தேன். கழுத்தில் நிற்க எலாஸ்டிக். வௌவால் இறக்கைக்கு அட்டை. தலையில் இரண்டு கொம்பு, ரப்பர் பேண்டில் கட்டியது. "நடந்தா சத்தம் வரணும்டா" என்று நண்பன் ஐடியா கொடுத்ததால், அங்கியின் ஓரத்தில் எட்டு சலங்கை மணி. பார்த்ததும் பாட்டி, "காட்டேரின்னா விளையாட்டாடா உனக்கு? குழந்தைக்கு இன்னாத்துக்கு இதெல்லாம்?" என்றார். சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

அன்றைக்கு மழை விட்ட மறுநாள். வட சென்னைக்காரர்களுக்குத் தெரியும், அந்தப் புழுக்கம் வெயிலை விட மோசம். ஷேர் ஆட்டோவில் போகும்போதே உடுப்பு மாட்டிவிட்டேன். போய் இறங்கினால் ஒரே கூட்டம், ஸ்பீக்கர் சத்தம், சின்னப் பிள்ளைகள் சுற்றிக்கொண்டார்கள். சிட்டிசன் அசையவே இல்லை. கல் மாதிரி நின்றான். "எவ்ளோ சமத்து பாரு!" என்று எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்போது அந்தப் போட்டோக்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. இரண்டு காதும் பின்னால் ஒட்டிப் போயிருக்கிறது, எப்போதும் நிற்கிற அந்தக் காதும் சேர்த்து. கண்ணின் வெள்ளை தெரிகிறது. வால் காலுக்கு நடுவில். ஒரு படத்தில் கொட்டாவி விடுகிறான். தூக்கக் கொட்டாவி இல்லை அது. பயந்த நாய் கொட்டாவி விடும், ஒன்றும் சாப்பிடாமலே உதட்டை நக்கிக்கொண்டிருக்கும், இல்லாவிட்டால் உறைந்து நிற்கும். நாங்கள் சமத்து என்று நினைத்தது, அவன் தனக்குத் தெரிந்த ஒரே பாஷையில் "வேண்டாம்" என்று சொன்னது.

அரை மணி நேரத்துக்குப் பிறகு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. எச்சில் நூல் நூலாக ஒழுகியது. ஈறு செக்கச் செவேலென்று ஆனது. நாலு அடி வைத்தான், பின்னங்கால் மடங்கி விழுந்தான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காவலாளி அண்ணன்தான் ஓடி வந்து எலாஸ்டிக்கை அறுத்து, அங்கியைக் கிழித்து எறிந்து, நிழலில் படுக்க வைத்து, குழாய்த் தண்ணீரை வயிற்றிலும் தொடை இடுக்கிலும் பாதத்திலும் ஊற்றினார். யாரோ ஐஸ் கட்டி கொண்டு வந்தார்கள். "அது வேணாம், சாதா தண்ணி போதும், ஃபேனைத் திருப்பு" என்றார். அவர் ஊரில் ஆடு வளர்த்தவராம்.

தனி ஆட்டோ பிடித்து ஒரு கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். அவர் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தபோது 104 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் இருந்தது. நாய்க்குச் சாதாரணமாகவே 101-லிருந்து 102.5 வரை இருக்கும். "தண்ணி ஊத்தாம இப்படியே கொண்டு வந்திருந்தீங்கன்னா பேசறதுக்கு ஒண்ணும் இருந்திருக்காது" என்றார். நமக்கு உடம்பு முழுக்க வியர்க்கும். நாய்க்கு வியர்வை வருவது பெரும்பாலும் பாதத்தில் மட்டும்தான். மற்ற சூடெல்லாம் வாயைத் திறந்து இரைத்துத்தான் வெளியே போக வேண்டும். ஏற்கெனவே ரோமச் சட்டை போட்டிருக்கிற ஜீவனுக்கு மேலே காற்றுப் போகாத சாட்டினைச் சுற்றி, கழுத்தையும் இறுக்கினால் சூடு எங்கே போகும்? குட்டிகளுக்கு உடம்புச் சூட்டைச் சமாளிக்கிற திறமை இன்னும் குறைவு.

இதோடு முடியவில்லை. கிழிந்த அங்கியை எண்ணிப் பார்த்தால் ஏழு மணிதான் இருந்தது. எக்ஸ்ரேயில் எட்டாவது மணி தெளிவாகத் தெரிந்தது, சிட்டிசனின் குடலுக்குள்! சின்னதாக, உருண்டையாக இருந்ததால் காத்திருந்து பார்க்கலாம் என்றார் டாக்டர். மூன்றாம் நாள் காலையில் தானாக வெளியே வந்தது. மூன்று நாளும் அவன் 'போன' இடத்தையெல்லாம் குச்சியால் கிளறிக்கொண்டிருந்த என்னைத் தெருவே வேடிக்கை பார்த்தது. சிரிப்பாக இருக்கும், ஆனால் அந்த மணி குடலில் சிக்கியிருந்தால் அறுவை சிகிச்சைதான்.

துணி, மணி, அட்டை 285 ரூபாய். தனி ஆட்டோ 250. டாக்டர், எக்ஸ்ரே, டிரிப், மருந்து 1450. மொத்தம் 1985. பரிசு வரவு: இல்லை.

அன்று இரவு அப்பா ஷிப்ட் முடிந்து வந்தார். எங்கள் ஊரைச் சுற்றித்தான் வட சென்னை அனல்மின் நிலையம், வல்லூர் அனல்மின் நிலையம், காமராஜர் துறைமுகம் எல்லாம் இருக்கிறதே. பாதி ஊரின் சாப்பாடு அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. அப்பாவும் ஒரு மின் நிலையத்தில் பாய்லர் பக்கம் ஒப்பந்த வேலை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. சிட்டிசன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவன் வயிற்றைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"உடுப்பு மாட்டினவனுக்குத்தான்டா தெரியும் உள்ள எவ்ளோ சூடுன்னு. ஓவராலும் ஹெல்மெட்டும் மாட்டிக்கினு பாய்லர் பக்கத்துல நிக்கறேன், அது என் உசுருக்கு. முடியலைன்னா அஞ்சு நிமிஷம் வெளிய போறேன்னு சொல்ல எனக்கு வாய் இருக்கு. இது யாராண்ட போய் கேக்கும்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அதற்கப்புறம் வேஷம் என்பதைப் பற்றியே நிறைய யோசித்தேன். வேஷம் நமக்குப் புதுசு இல்லை. மாசி மாசம் மயானக் கொள்ளைக்குக் காளி வேஷம் கட்டி ஆடுவதைச் சின்ன வயசிலிருந்து பார்க்கிறோம். குலசேகரன்பட்டினம் தசராவில் ஆயிரக்கணக்கான பேர் வேஷம் போட்டுக் காணிக்கை எடுக்கிறார்கள். ஆனால் அவர்கள் நேர்ந்துகொண்டு, விரதம் இருந்து, தாங்களாக மனசு வைத்துக் கட்டுகிறார்கள். கனமும் சூடும் அவர்கள் கேட்டு வாங்கியது. நாய்க்கு யாரும் கேட்டுப் போடுவதில்லை.

2007-ல் மானாமதுரையில் நடந்த ஒரு கல்யாணம் உலகம் முழுக்கச் செய்தியானது. முன்பு இரண்டு நாய்களைக் கல்லால் அடித்துக் கொன்ற பாவம் தொலைய வேண்டும் என்று ஒருவர் பெண் நாயைத் தாலி கட்டி மணந்தார். நாய்க்குப் புடவை கட்டி, மாலை போட்டிருந்தார்கள். விருந்து மனிதர்களுக்கு, மணப்பெண்ணுக்கு ஒரு பன் கிடைத்ததாம். அந்தச் செய்தியைப் படித்து நானும் சிரித்தவன்தான். இப்போது யோசித்தால், அவருக்காவது ஒரு பரிகாரம் இருந்தது. எனக்கு ஆயிரம் ரூபாய் ஆசை மட்டும்தான் இருந்தது.

நேபாளத்தில் திகார் பண்டிகையின் இரண்டாம் நாள் 'குகுர் திகார்'. அன்றைக்கு நாய்களுக்கு நெற்றியில் திலகம் வைத்து, செண்டு மல்லி மாலை போட்டு, வயிறாரச் சாப்பாடு போடுகிறார்கள், தெருநாய்க்கும் சேர்த்து. நாயை நாயாகவே நிறுத்தி மரியாதை செய்கிற நாள் அது. நாங்கள் செய்ததில் அந்த மரியாதை எங்கேயும் இல்லை.

இவ்வளவு படித்த பிறகும், "இல்லடா, என் குட்டிக்கு ஒரு தடவையாவது டிரஸ் போட்டுப் பாக்கணும்" என்று ஆசைப்படுகிறவர்களுக்கு, 1985 ரூபாய் கட்டி நான் கற்றுக்கொண்டதை இலவசமாகத் தருகிறேன் :)

1. முழு உடுப்பு வேண்டாம். கழுத்தில் ஒரு பருத்திக் கைக்குட்டை போதும். கழுத்துக்கும் துணிக்கும் நடுவில் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும்.

2. எலாஸ்டிக், ரப்பர் பேண்ட், கயிறு கூடாது. ரப்பர் பேண்டை மறந்து அப்படியே விட்டால் ரோமத்துக்குள் மறைந்து, தோலை அறுத்துக்கொண்டு உள்ளே போய்விடும்.

3. கண், காது, மூக்கு, வாய், வால் எதையும் மூடாதீர்கள். நாய்க்கு நாய் பேசுவது காதாலும் வாலாலும்தான். அதைக் கட்டிவிட்டால் இன்னொரு நாய் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு கடிக்கலாம்.

4. மணி, பட்டன், ஜிகினா, பாசி ஒன்றும் வேண்டாம். குட்டிக்குப் பல் முளைக்கிற வயசு, கிடைத்ததைக் கடிக்கும்.

5. கலர்ப் பொடி, பெயின்ட், தலைமுடிச் சாயம் பூசாதீர்கள். உடம்பில் பூசுவதெல்லாம் நக்கி வயிற்றுக்குள்தான் போகும்.

6. விழா நாளில் முதல் முறையாக மாட்டக் கூடாது. சில நாள் முன்பே வீட்டில், தீனி கொடுத்து, ஒரு நிமிஷம் போட்டுப் பாருங்கள். ஒதுங்கினால், உறைந்தால், பிடுங்கினால் கழற்றிவிடுங்கள். அதுதான் பதில்.

7. பிடித்திருந்தாலும் ஐந்து நிமிஷம் போதும். ஃபேனுக்குக் கீழே, தண்ணீர் பக்கத்தில், நீங்கள் கூடவே இருக்க வேண்டும்.

8. தடுப்பூசி முடியாத குட்டியை நாலு நாய் கூடும் இடத்துக்குக் கொண்டு போகாதீர்கள். பார்வோ வந்தால் பிழைப்பது கஷ்டம்.

9. சாக்லேட், திராட்சை, சர்க்கரை இல்லாத சூயிங்கம் மூன்றும் நாய்க்கு விஷம். ஹாலோவீன் பையில் இருப்பது முக்கால்வாசி இதுதான்.

மூச்சு இரைத்து, எச்சில் ஒழுகி, தள்ளாடினால் முதலில் உடுப்பைக் கழற்றுங்கள், சாதாரணத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், பிறகு டாக்டரிடம் ஓடுங்கள். வரிசை முக்கியம்.

முதல் வருஷம் கணக்குப்பதிவியல் வகுப்பில் ஒரு விதி சொல்லிக் கொடுத்தார்கள்: பெறுபவரைப் பற்று வை, தருபவரை வரவு வை. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தேன், மார்க் வாங்கினேன், மறந்துவிட்டேன். அன்று சாயங்காலம் போட்டோ, கைதட்டல், பெருமை எல்லாம் பெற்றவன் நான். தன் மூச்சிலிருந்து எடுத்துத் தந்தவன் சிட்டிசன். விதிப்படி கடன்காரன் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நண்பன் மறுபடி கூப்பிட்டிருக்கிறான். போட்டி இருக்கிறதாம், பரிசுத் தொகையையும் ஏற்றிவிட்டார்களாம். கூட்டமும் ஸ்பீக்கரும் இருக்கிற இடத்துக்குச் சிட்டிசனைக் கூட்டிக்கொண்டு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவனைப் பார்க்க ஆசை இருந்தால் அத்திப்பட்டுக்கு ரயில் ஏறி வரட்டும். ஒரு காது நின்று, ஒரு காது படுத்து, சொந்தத் தோலோடு வாசலில் உட்கார்ந்திருப்பான்.